படகுக்கு ஹோஸ் மாட்டின வாரம்

7 செப்டம்பர் 2008, ஞாயிறு

மூலனூர் ரோட்டில் கல் வெட்டி முடித்துத் தண்ணீர் தேங்கிய, சம்பந்தியின் பாறைக்குழியில் இன்றைக்கு இருந்தவர்கள்: என் மகன் பூபாலன், மருமகள் கோமளா, அவளைப் பெற்ற அர்த்தநாரி, எங்கள் பனியன் கம்பெனியில் மிஷின் பார்க்கிற பிட்டர் காசிமாயன், நான், இவர். யார் எந்தப் பாறைமேல் நின்றார்கள் என்று கேட்டாலும் சொல்வேன்.

அந்தக் காலத்தில் கல் லாரி இறங்கிய தடத்திலேயே மீன்பிடிப் படகை இறக்கினார்கள். இவர் தனியாக ஏறி உட்கார்ந்தார். பிடிக்கிற மீனை உயிரோடு போட்டுவைக்கப் படகின் மூக்கில் ஒரு தொட்டி உண்டு. அதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனார். நடுவுக்குப் போவதற்குள் படகின் வால் தண்ணீருக்குள் போய்விட்டது. காசிமாயன் கயிற்றைப் போட்டு இழுத்தான். இவர் இடுப்பு வரைக்கும் நனைந்து வந்தார்.

அர்த்தநாரி கரையில் நின்றபடி, "ஏனுங் சம்பந்தி, மீன் புடிக்கப் போனீங்களா, மீனுக்கு ஊடு கட்டப் போனீங்களா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்தால் அது வேறு. அவர் எப்படிச் சிரிக்கலாம்? கோமளா கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போன ஆள். பச்சைக்கரை வேட்டி கட்டியிருந்தார். மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

8, திங்கள்

காசிமாயன் படகைக் குடைந்து பார்த்துவிட்டுச் சொன்னான். மீன் தொட்டியின் அழுக்குத் தண்ணீர் ஒரு ஹோஸ் வழியாகத் தளத்துக்கு அடியில் ஓடி, வாலில் உள்ள ஓட்டையில் வெளியே போக வேண்டுமாம். அந்த ஹோஸ் நடுவில் வெடித்துவிட்டது. ஊற்றினது எல்லாம் படகின் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

கோமளா சாப்பிடும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஷெட்டில் படகு நிற்பதால் அட்டைப்பெட்டி எல்லாம் மழையில் கிடக்கிறது. "வர்ற ஞாயித்துக்கெழம மெதக்கோணும் அத்தை. இல்லீன்னா திங்கக்கெழம, வெலைக்குக் கேட்ட கோயமுத்தூர்க்காரர் வந்து எடுத்துக்கிட்டுப் போயிருவாருங்க."

அவள் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் எனக்கு இவர் கவலை.

கம்பெனிச் சாவியைப் பூபாலன் கையில் கொடுத்த நாளிலிருந்து இவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். எது கேட்டாலும் ஒரு "ம்". அப்படி இருக்கும்போதுதான் பூபாலன் ஆசைப்பட்டுக் கொச்சி ரிசார்ட் ஒன்றிலிருந்து இந்தப் பழைய படகை வாங்கி வந்தான். சீக்கிரமே அவனுக்குச் சலித்துவிட்டது. இவருக்குச் சலிக்கவில்லை. விடிந்தால் போய்த் துடைக்கிறார். துடைத்துவிட்டு வந்து, எங்கே கீறல், எங்கே பாசி என்று என்னிடம் சொல்கிறார். வாயைத் திறந்து சொல்கிறார். படகு போனால்? மறுபடியும் சுவர்தானே?

10, புதன்

வயிறு எரிகிறது. எழுதாமல் தூக்கம் வராது.

புது ஹோஸ் வந்தது. மூக்கில் கை நுழைகிற அளவு ஒரு மூடி, வாலில் ஒரு மூடி, அவ்வளவுதான். நடுவில் எல்லாம் மூடின தளம். உள்ளே நுரையை அடைத்து, ஹோஸ் போக மட்டும் வளைந்த பொந்து ஒன்று விட்டிருக்கிறார்கள். பாவாடைக்கு நாடா மாற்றுகிற மாதிரிதான். பழசின் நுனியில் புதுசைக் கட்டி, பழசை இழுத்தால் புதுசு பின்னாலேயே வந்துவிடும். காசிமாயனும் அதையேதான் சொன்னான். கட்டுக்கம்பி எடுக்க உள்ளே போனான்.

அந்த நேரம் பார்த்து அர்த்தநாரி வந்தார். மகளைப் பார்க்க வந்தவர் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே? "இதென்னுங்க பெரிய வேலை" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய ஹோஸைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவிவிட்டார். சாரைப்பாம்பு மாதிரி முழுசும் வெளியே வந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ சாதித்த மாதிரி எங்களைப் பார்த்தார்.

காசிமாயன் கம்பியோடு வந்து நின்றான். "ஐயா, வழியவே உருவிப்புட்டீகளே."

11, வியாழன்

கம்பி, மூங்கில் சிம்பு, ஜன்னல் திரை ஸ்பிரிங்கு — எது விட்டாலும் அந்த வளைவில் முட்டி நிற்கிறது. தளத்தை அறுக்கட்டுமா என்று காசிமாயன் கேட்டான். அறுத்தால் அப்புறம் அது படகா என்று பூபாலன் வேண்டாம் என்றான்.

சாயங்காலம் இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

12, வெள்ளி

காப்பி கொண்டுபோனேன். எழுந்து உட்கார்ந்திருந்தார். "நம்ம மிசின்ல குழாய்க்குள்ள நூலு எப்படிப் போவுது?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. காப்பியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

நிட்டிங் மிஷினில் நூல் மெல்லிய குழாய்களுக்குள்தான் ஓடும். அதில் விரலும் போகாது, ஊசியும் போகாது. குழாய் வாயில் நூலை வைத்துக் காற்றை அடித்தால், அந்தப் பக்கம் தானாக வந்து விழும். இவர் காலமெல்லாம் செய்த வேலை அது.

கம்ப்ரஸரைப் படகுக்குப் பக்கத்தில் நகர்த்தினோம். கரண்ட் போய்விட்டது. எல்லோரும் படகைச் சுற்றி உட்கார்ந்து பொரி தின்றோம். கரண்ட் வந்ததும் காட்டன் நூலை விட்டார், உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. அப்புறம் பாலியஸ்டர் நூலை எடுத்து, நுனியில் ஒரு கொத்து பனியன் வேஸ்ட்டைக் குஞ்சம் மாதிரிக் கட்டி, பொந்தின் வாயில் வைத்து, சுற்றிலும் துணியை அடைத்துக் காற்றை விட்டார்.

வால் பக்கம் நான். மூடிக்குள் கையை விட்டு, பொந்தின் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் தூசி வந்தது. அப்புறம் நுரைத்தூள். அப்புறம் மெத்தென்று ஏதோ கையில் வந்து இடித்தது.

"வந்துருச்சுங்க" என்றேன். குஞ்சத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தூசி வேறு.

13, சனி

நூலில் சணலைக் கட்டி இழுத்தோம். சணலில் கயிறு. கயிற்றில் ஹோஸ். ஹோஸ் அதே வளைவில் சிக்கிக்கொண்டது.

யாரும் கூப்பிடாமலே அர்த்தநாரி காங்கேயத்தில் இருக்கிற தன் எண்ணெய் மில்லிலிருந்து ஒரு டின் தேங்காயெண்ணெயோடு வந்தார். ஹோஸ் முழுவதும் தடவினார். அவர் மூக்கில் தள்ள, இவர் வாலில் இழுக்க, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நல்ல எண்ணெய்தான். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டு பேரும் கையெல்லாம் எண்ணெயாக அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். மிஷின், மில், பிள்ளைகள், முழங்கால் வலி. இவருக்கு இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது?

நான் அர்த்தநாரிக்குக் காப்பி கொடுத்தேன். பேசவில்லை.

14, ஞாயிறு

பாறைக்குழி. மீன் தொட்டியில் குடம் குடமாக ஊற்றினார்கள். வாலில் குழாய் திறந்த மாதிரி கொட்டியது. காசிமாயன் படகின் வயிற்றுக்குள் கையை விட்டுத் தடவி, "பொட்டுத் தண்ணி இல்ல ஆத்தா" என்றான். கோமளாவே, பெட்டியை வேறு எங்காவது வைத்துக்கொள்ளலாம் என்றாள். தங்கம் அவள்.

இவர் ஏறினார். இரண்டு பேருக்குத்தான் இடம். நான் அரக்குச் சேலை கட்டியிருந்தேன், புளிச்சோறு கட்டியிருந்தேன். ரிசார்ட்காரன் கொடுத்த ஆரஞ்சு மிதவைச் சட்டையைச் சேலைமேல் மாட்டி, பூபாலனை விட்டுப் பக்கிளும் போட்டாயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்தேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். "அந்தச் சட்டையக் கழட்டி சம்பந்தியிட்டக் குடு" என்றார்.

குடுத்தேன். வேறென்ன பண்ண? புளிச்சோத்தையும் சேத்துக் குடுத்தேன்.

போய்விட்டார்கள். நடுத்தண்ணீரில் இரண்டு பேரும் சிரித்தது பாறையில் பட்டுத் திரும்பி என் காதில் விழுந்தது. உள்ளங்கை அளவு ஜிலேபிக் கெண்டை ஒன்று பிடித்தார்களாம். வந்ததிலிருந்து அந்த மீன் எப்படிக் கடித்தது, எப்படித் துள்ளியது என்று இவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இதை எழுதும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். சொல்லட்டும். கேட்கக் கேட்க எனக்கு மனசு நிறைந்துதான் இருக்கிறது.

ஆனால் அது வேறு, இது வேறு. எங்களில் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டோம். எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அர்த்தநாரியைக்கூட விட்டுவிடலாம். நான் மன்னிக்கவே மாட்டாத ஆள் ஒருத்தர்தான்.

சின்னான்.