கடைசி வரியில் இழுக்கும் கை

செவ்வாய், ஜூலை 8

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. கிதாருக்குக் கம்பி மாற்றினேன், மெல்லிய செட்.

சனிக்கிழமை கோரமங்களா பப்பில் நிகழ்ச்சி. எங்கள் பேண்டில் லீட் கிதார் வாசித்த ராய் ஜெர்மனிக்குப் போய்விட்டதால் இனி அந்த இடத்தில் நான். கேட்டபோது "பண்ணிடலாம்" என்று சொல்லித் தொலைத்தேன். என் வாயைத் தைக்க வேண்டும். இத்தனை வருஷம் ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில் பாமாலைக்குக் கம்பிகளைச் சேர்த்து அழுத்திக் கார்டு பிடித்தவள் நான். ராய் விட்டுப் போன சோலோவோ நியோகிளாசிக்கல். வயலின்காரர்கள் பறக்கிற வேகத்தில் கிதார் பறக்க வேண்டும். ஹார்மோனிக் மைனர் ஸ்கேல், அதன்மேல் அடுக்கடுக்காக ஆர்பெஜியோ, கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்ப்பது.

ஸ்வீப் வரவில்லை. மீட்டுகிற பிக் ஒரே இழுப்பில் ஐந்து கம்பிகளைத் தடவிக்கொண்டு இறங்க வேண்டும். ஒவ்வொரு சுரமும் ஒலித்த உடனே இடது விரல் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் எல்லாம் சேர்ந்து கார்டாகிவிடும். என் விரல் எழும்பாது. அழுத்திப் பிடித்தே வளர்ந்த விரல்.

மாமியார் போனில், ஜெசி ரூமுக்குள்ளே என்ன பண்றா என்று கேட்டாராம். ஸ்வீப் பழகுகிறாள் என்று ஜான்சன் சொல்ல, "நல்லது, உங்க வீட்ல தூசி ஜாஸ்தி" என்றாராம். என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்புறம் மறுபடி கிதாரை எடுத்தேன்.

புதன், 9

கொஞ்சம் வெயில். சிவாஜிநகர் ஆபீஸில் மேசைக்கடியில், தொடைமேல் விரல் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் மஞ்சுளா, உடம்புக்கு என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

சாயங்காலம் பொம்மனஹள்ளி, பிரகாஷ் வீட்டு மாடியில் பிராக்டிஸ். பிரகாஷ் டிரம்ஸ், கே.ஜி.எஃப். ஊர்க்காரன், என்னைவிடச் சின்னவன். வினய் பாட்டும் பாஸும்.

முதல் பாதி பரவாயில்லை. டிமினிஷ்டு கார்டு வரும் இடம்கூட வந்தது. ஒரே கைப்பிடி, மும்மூன்று ஃப்ரெட்டாக மேலே ஏறினால் போதும். அட, என்று நினைத்தேன். சோலோவின் கடைசி ஓட்டத்தில் மாட்டினேன். பாட்டிலேயே வேகமான இடம் அது. என் கை அங்கே மெதுவாகிறது. நான் செய்யவில்லை, அதுவாக. பிரகாஷ் கடைசி அடிக்கே போய்விட்டான், நான் பின்னால் நொண்டுகிறேன். திரும்பத் திரும்ப அதே இடம்.

அவன்தான் கண்டுபிடித்தான்.

"இன்னாக்கா, சர்ச்ல கடைசி வரிய இழுப்பீங்களே, அதே இழுப்பு. நாங்க ஆமென் சொல்லணுமா?"

உண்மை. கடைசிச் சரணம், கடைசி வரி, நிதானிக்க வேண்டும், சபை சேர்ந்து முடிக்க. ஞாயிறுதோறும் செய்தது. முடியப் போகிறது என்று தெரிந்தால் போதும், கை தானாக பிரேக் போடுகிறது.

வினய் சிரிக்கவில்லை. மெதுவாக, "ஆகல்லா அந்த்ரெ ஹேளி அக்கா" என்றான். முடியாதென்றால் சொல்லிவிட வேண்டுமாம். ஒயிட்ஃபீல்டில் இதெல்லாம் வாசிக்கிற ஒருத்தர் இருக்கிறாராம், கூப்பிட்டால் வருவாராம். வெள்ளிக்கிழமை காலைக்குள் பதில்.

அவர் ஒரு நாளைக்கு மட்டும் வரமாட்டார். வந்தால் வந்ததுதான். எனக்கும் தெரியும், வினய்க்கும் தெரியும். முப்பத்தொன்பது வயசில் வேறு எந்த பேண்ட் என்னைச் சேர்த்துக்கொள்ளும்? பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி கடைசி ஓட்டத்தை விரலால் ஓட்டிக்கொண்டே வந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

வியாழன், 10

மழை. ஆபீஸுக்கு லீவு. வயிற்றுவலி என்று சொன்னேன், முழுப் பொய்யும் இல்லை.

செய்தது:
மெட்ரோனோம் தட்டுகிற தாளத்துக்கு ஆமை வேகம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி.
கடைசி ஓட்டம் மட்டும் தனியாக.
அது முடிந்ததும் நிறுத்தாமல் முதலிலிருந்து. முடிவு எது என்று கைக்குத் தெரியவே கூடாது.
பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

நிம்மதியாகத் தூங்கி எத்தனை நாள் ஆச்சு, வேண்டாம்னு சொல்லிடேன் என்றார் ஜான்சன். அன்பாகத்தான் சொன்னார். கதவை அடித்துச் சாத்தினேன். பாவம் மனுஷர்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே எழுதாமல் வேறெங்கே எழுத.

வெள்ளி, 11

வினய்க்கு மெசேஜ். "அவரையே கூப்பிடு" என்று அடித்தேன். அழித்தேன். "நான்தான் வாசிக்கிறேன்" என்று அனுப்பிவிட்டு பாத்ரூமுக்கு ஓடினேன். குடித்த காபி அப்படியே வெளியே.

சனி, 12

வானம் மூட்டம். சாப்பாடு இறங்கவில்லை. கறுப்புச் சட்டை இஸ்திரி, எக்ஸ்ட்ரா பிக், கை துடைக்கத் துணி. சோலோவுக்கெல்லாம் ஜெபிக்கலாமா தெரியவில்லை. ஜெபித்தேன்.

ஞாயிறு, 13

வெயில். சர்ச்சுக்குப் போகவில்லை. படுத்தே கிடந்தேன்.

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். மேடை ஏறியதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன். சோலோ ஆரம்பித்தது ஞாபகம். டிமினிஷ்டு இடத்தில் ஒரு சுரம் பிசிறியது. கடைசி ஓட்டம் வருகிறது, இழுக்கப் போகிறேன், இழுக்கப் போகிறேன் என்று மட்டும்தான் தலைக்குள். தலைதெறிக்க ஓடினேன். போய்ச் சேர்ந்து பார்த்தால் இன்னும் ஒரு பார், நாலு தட்டு, முழுசாக மிச்சம். வாசிக்க ஒன்றுமில்லை. கையைத் தூக்கிவிட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்த பிரகாஷும் குச்சியைத் தூக்கிவிட்டான். வினய்யும் நிறுத்தினான். பப் முழுக்கச் சத்தமே இல்லை. செத்தேன் என்று நினைத்தேன். அடுத்த பாரில் மூன்று பேரும் ஒன்றாக அடித்தோம். ஜனம் கத்திய கத்தலில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதியம் வினய் போன். அந்த நிறுத்தம் முன்கூட்டியே யோசித்ததா என்றான். ம்ம் என்றேன்.

"பெங்கி அக்கா. அடுத்த சனிக்கிழமையும் அதே தரா மாடி."

நெருப்பாம், அதே மாதிரி செய்ய வேண்டுமாம். ஒயிட்ஃபீல்டுக்காரர் பேச்சே இல்லை. வீடியோ அனுப்பினான். பார்த்தேன். அந்த வேகத்தில் நான் ஒரு நாளும் வாசித்ததில்லை. கிதாரை எடுத்து முயன்றேன். வரவில்லை. மெட்ரோனோம் வைத்து முயன்றேன். வரவில்லை. அதை வாசித்தது நான் இல்லை, என் பயம். நல்லவேளை, அது இன்னும் எங்கும் போகவில்லை.