சொல்லாமல் விட்ட நிறையுரை

நலமே விளைக. மழை பொய்யாத நெடுவரை நாட்டில், குன்றுகள் எல்லாம் காவல் நிற்க, ஆறுகள் எல்லாம் அடங்கி ஓட, கோ இருங்கடலன் நெடுமுடியார் செங்கோல் செலுத்தும் நன்னாளில், அவர் திருவாணையின்படி செய்திவழி அமைச்சன் வயமான் கொற்றன், வடவாயில் கல்விச்சாலையின் தலைமையாசானும் எழுத்துச் சாலையின் முதல்வருமாகிய பொழிலாதனார் அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் சாலையின் கூரை ஒழுகாதிருக்க. அடுக்களையில் உலை ஓயாதிருக்க. கேட்க வருவோர்க்குத் தங்கள் வாயில் அடையாதிருக்க.

இதுவரை நான் தங்களுக்கு எழுதிய ஓலை எதிலும் இத்தனை பட்டங்கள் இருந்ததில்லை. ஒரே பாயில் அமர்ந்து ஒரே மையைத் தொட்டு எழுதிப் பழகியவர்கள் நாம். நீ என்றே எழுதி வந்தேன். இன்று அந்தச் சொல்லை எழுத எழுத்தாணி இடம் கொடுக்கவில்லை. ஆகவே தாங்கள் என்றே எழுதுகிறேன்.

இவ்வோலையின் படி ஒன்று அரசவையிலும் படிக்கப்படும். அங்கே இருப்போரில் பலர் கல்விச்சாலையின் வழக்கம் அறியாதவர். எனவே தாங்கள் நன்கு அறிந்தவற்றையும் நான் விளக்க நேர்கிறது, பொறுத்தருள்க.

வடவாயிலில் நான்கு சாலைகள் உண்டு: எழுத்து, இசை, நிலம், படைக்கலம். முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாரும் பொதுவாகப் பயில்வர். மூன்றாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு சாலையைத் தேர்ந்து அதற்குரியவராவர். தாம் பயில விரும்புவது எந்தச் சாலையிலும் முழுதாக இல்லை என்று ஒரு மாணவர் கருதினால், தமக்கென ஒரு துறையைத் தாமே வகுத்துக் கல்விச்சாலை அவையின் முன் வைக்கலாம். எந்தச் சாலையில் எதைக் கற்பேன், எதற்குப் பின் எதைக் கற்பேன், கற்று முடித்தபின் இன்று எவராலும் செய்ய இயலாத எதனைச் செய்வேன் என்று அவர் சொல்ல வேண்டும். அவை ஏற்றால் அத்துறை பிறக்கும். ஏற்காவிடில், சாலையைத் தேரும் நாளும் அதற்குள் கடந்துபோயிருக்குமாதலால், அம்மாணவர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆதலால் விளையாட்டாக இதில் எவரும் இறங்குவதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. நம் சாலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. துறை வகுக்கும் மாணவருக்கு ஆசிரியர் ஒருவர் துணைநிற்க வேண்டும். துணைநிற்பவர் முதலில் அத்துறையின் ஆகப் பெரிய குறையை அவையில் சொல்வார், அது குறையுரை. பிறகு அந்தக் குறைக்கு விடை சொல்லித் துறையின் தகுதியை நிறுவுவார், அது நிறையுரை. எதிர்ப்பவர் சொல்லும் குறையில் பாதி பொறாமையாக இருக்கும், அன்புடையவர் சொல்லும் குறைதான் சரியான எடையில் இருக்கும் என்று முன்னோர் எண்ணினர் போலும். இந்த வழக்கம் நடைபெற ஒன்று இன்றியமையாதது: மாணவர் தம் துறையின் குறையைத் துணைநிற்பவரிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்க வேண்டும். தமக்கு உறக்கம் கெடுக்கும் அச்சம் எதுவோ அதை அவர் கையில் ஒப்படைக்க வேண்டும்.

உப்பு வணிகராகிய உமணர் குடியில் பிறந்த அலரி என்னும் மாணவி அவ்வாறு தங்களை நம்பினாள். அவள் வகுத்த துறைக்குச் செய்தித் துறை என்று பெயர்.

அத்துறை எதற்கு என்று அரசவையோர் கேட்கக்கூடும். சென்ற கார்காலத்தில் செம்புனல் ஆறு கரை உடைத்தபோது மேற்குன்றின் காவலர் தீ மூட்டினர். குன்றுக்குக் குன்று தீ தாவி, சோறு வேகும் நேரத்துக்குள் ஆற்றுமுகத்துக் கோட்டைக்குச் செய்தி போய்விட்டது. ஆனால் தீக்குத் தெரிந்தது ஒரே சொல்: ஆபத்து. கோட்டையார் பகைவர் படை என்று எண்ணிக் கதவை அடைத்தனர். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டை நோக்கி ஓடிவந்த ஓடத்துறை மக்கள் அடைத்த கதவின் முன் நின்றனர். அலரியின் தாய்மாமன் வீட்டார் அங்கே நின்றவர்களுள் அடக்கம். அவர்களில் எவரும் மீளவில்லை. குற்றம் எவருடையது என்று அன்று நாங்கள் அனைவரும் வாதிட்டோம். அவள் மட்டும், தீயிடம் அதற்குத் தெரியாத வேலையைக் கொடுத்துவிட்டோம் என்றாள்.

அவள் கருத்து எளிது. தீ விரைவானது, ஆனால் ஒரு சொல்லுக்கு மேல் அறியாது. முரசு பல சொற்களை அறியும், ஆனால் காற்று எதிர்த்தால் அடுத்த குன்றுக்கும் எட்டாது. அதைவிட, எவரும் செவி கொடுக்காத நேரத்தில் அடித்துப் பயன் இல்லை. புறா நெடுஞ்செய்தியையும் தூக்கிச் செல்லும், ஆனால் தன் கூடு இருக்கும் ஊருக்கு மட்டுமே போகும். ஓட்டக்காரன் எங்கும் போவான், எதையும் சொல்வான், எல்லாம் முடிந்தபின் வந்து சேர்வான். ஆகவே தீயால் கண்ணை எழுப்பி, எழுந்தவன் செவிக்கு முரசால் பொருளைச் சொல்லி, இடையில் மலை மறைக்குமிடத்தில் புறாவை விட்டு, பின்னால் ஓட்டக்காரனை அனுப்பி உறுதி செய்ய வேண்டும். இதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாலையில் கிடக்கிறது. தீ படைக்கலச் சாலையில், முரசு இசைச் சாலையில், வழியும் பறவையும் நிலச் சாலையில், சுருக்கெழுத்தும் முத்திரையும் தங்கள் சாலையில். நான்கையும் ஒருவரே கற்றதில்லை. நான் செய்திவழிக்கு அமைச்சனாகி முடி நரைத்துவிட்டது, நானும் கற்றதில்லை.

அவள் தன் அச்சத்தையும் தங்களிடம் சொன்னாள். நான்கு சாலையில் கால் காலாகக் கற்றவள் எந்தச் சாலைக்கும் பிள்ளையாக மாட்டாள்; அவள் தவறினால் திருத்த ஆசிரியர் ஒருவரும் இருக்கமாட்டார்; தவறுகிறாள் என்பதே எவருக்கும் தெரியாமல் போகும். இதுவே அந்த அச்சம். இதற்கு விடை தங்களிடம் இருந்தது. அதை மேற்குன்றின் படிகளில் ஏறிக்கொண்டே, மூச்சு வாங்க வாங்க, எனக்குச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, இவளை என்னிடம் விடு கொற்றா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். நானும் விட்டேன்.

அவை கூடிய நாளில் நான் விருந்தினர் வரிசையில் இருந்தேன். விருந்தினர் வாய் திறக்கலாகாது என்பது விதி. இசைச் சாலை முதல்வர், புறா வளர்க்கவா மூன்று ஆண்டு, என் வீட்டுக் கூரையில் கேட்காமலே வளர்கிறதே என்றார், அவை சிரித்தது, அலரியும் சிரித்தாள். தங்கள் வீட்டுப் புறா எந்த ஊரிலிருந்து விட்டாலும் தங்கள் கூரைக்கே வருமாதலால் அதற்கு முதல் வேலை தருவேன் ஐயா என்றாள். மறுபடியும் சிரிப்பு; இம்முறை அவள் பக்கம். காரியம் கைகூடிவிட்டது என்று நான் எண்ணினேன்.

பிறகு தாங்கள் எழுந்து குறையுரை சொன்னீர்கள். அதைவிட நன்றாக ஒரு குறையுரையை நான் கேட்டதில்லை. அவள் தங்களிடம் தனியே சொன்ன அச்சத்தை, அவள் சொற்களாலேயே, அவள் தயங்கிய இடங்களில் தாங்களும் தயங்கி, அவை முழுதும் கேட்கச் சொன்னீர்கள். திருத்துவார் இல்லாத கல்வி நாளை ஒரு கோட்டையை மூடாது என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டுச் செம்பை எடுத்து நீர் அருந்தினீர்கள். அமர்ந்தீர்கள். வாக்களிக்கும் கூழாங்கற்களைக் கொணருமாறு கைகாட்டினீர்கள்.

மாணவர் துணைநிற்பவர் பேசி முடிக்கும்வரை நிற்க வேண்டும் என்பது வழக்கம். அவள் நின்றாள். நீர் அருந்தியபின் தாங்கள் தொடர்வீர்கள் என்று நின்றாள். கற்கள் கலத்தில் விழத் தொடங்கிய பின்னும் நின்றாள். கலம் தூக்கி வந்த ஏவலர், முடிந்துவிட்டது, உட்காரம்மா என்று இரங்கிச் சொன்னார். இல்லை ஐயா, இன்னும் பாதி இருக்கிறது என்றாள். மறுப்புக்கான கருங்கற்களே மிகுதி. அப்போதும் அவள் தங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்கள் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஏன் என்று அறிய நான் அலைந்தேன். தங்களுக்கு அச்சுறுத்தல் ஏதேனும் உண்டோ, பிணி ஏதேனும் உண்டோ என்றெல்லாம் எண்ணிப் பார்த்தேன். கடைசியில் நிலச் சாலை முதல்வர் உரைத்தார்: புதிய துறை ஏற்கப்பட்டால் குன்றுகள் தெரியும் மேல்மாடத்தை அதற்கு ஒதுக்க வேண்டியிருந்ததாம், அது தாங்கள் காலையில் அமர்ந்து படிக்கும் இடமாம். நான் நம்பவில்லை. தங்களுக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். வழக்கம் கேட்பது குறையை, குறையைச் சொன்னேன் என்று மட்டும் விடை அனுப்பினீர்கள். மாடத்தைப் பற்றி மறுத்து ஒரு சொல் அதில் இல்லை. பொழிலாதனாரே, ஒரு சாளரம்தான் வேண்டுமென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். கோட்டை கட்டும் தச்சர் அனைவரும் என் ஏவலில் இருக்கின்றனர்; அதைவிட உயரமாக ஒன்று கட்டித் தந்திருப்பேன்.

மன்னர் இதனைக் கேட்டருளி, நிறையுரை கேளாமல் இட்ட கல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். வேறொருவர் துணைநின்று அவளுக்காகப் பேசட்டும் என்றும் இரங்கினார். அலரியை அழைத்து இதைச் சொன்னபோது அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ மறுத்தாள். வேண்டாம் ஐயா, வேறொருவர் சொன்னால் அது அவர் சமாளிப்பது. இவர் ஏன் நிறுத்தினார் என்பதே என்னைக் குடைகிறது. என் துறையை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர், சொல்ல ஒன்றும் இல்லை என்று கண்டுதான் அமர்ந்தாரோ என்றாள். கோட்டைக் கதவின் முன் மாமன் வீட்டாரை இழந்தும் அழாதவள் இதைச் சொல்லும்போது அழுதாள்.

தாங்கள் கெடுத்தது எது என்று இப்போது விளங்கும். அவள் ஓராண்டைக் கெடுத்திருந்தால் மன்னரின் ஒரு சொல்லால் சரிசெய்திருப்பேன். தன் கருத்து சரிதான் என்று அவள் கொண்டிருந்த தெளிவைக் கெடுத்தீர்கள். அதைச் சரிசெய்ய எனக்கு அதிகாரம் இல்லை. மேற்குன்றின் படிகளில் தாங்கள் சொன்ன விடையை நான் அவளிடம் சொல்லிவிட்டால் என்ன என்று எண்ணினேன். என் வாயால் கேட்டால் ஆறுதல் என்று எடுத்துக்கொள்வாள். விட்டுவிட்டேன்.

ஆதலின் கோ இருங்கடலன் நெடுமுடியார் ஆணை இது. வரும் நிறைமதி நாளில் அவை மீண்டும் கூடுக. பொழிலாதனார் அன்று நின்ற இடத்திலேயே நிற்க. குறையுரையை மீளவும் சொல்லாது, நிறையுரையை மட்டும் சொல்க. விடை இல்லை என்பது அவர் உள்ளக் கருத்தாயின், அவள் முகம் பார்த்து அதனையே சொல்க. அதற்கும் தடை இல்லை. அதன்பின்னரே கற்கள் இடப்படுக. அதுவரை அலரி வடவாயிலிலேயே உண்டு உறைக; அவளை எவரும் வெளியேற்றலாகாது. மேல்மாடம் அவை என்ன முடிவு செய்யினும் பொழிலாதனாருக்கே உரியதாகுக; அதைக் குறித்து அவர் இனி அஞ்ச வேண்டியதில்லை.

அன்று நானும் வருவேன், விருந்தினர் வரிசைக்கு. அவை கலைந்தபின் தங்கள் இல்லத்துக்கு உணவுக்கு வரமாட்டேன்.

மன்னர் முத்திரை வலப்புறமும் என் முத்திரை இடப்புறமும் அரக்கில் பதிய, கட்டுக்கயிறு என் கண்முன் முடியப்பட்டு, இவ்வோலை குன்றுவழி ஓட்டக்காரர் கையில் புறப்படுகிறது. உள்ளது உள்ளபடி எழுதப்பட்டது. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. கொணர்பவர் மறுமொழிக்குக் காத்திரார். மறுமொழி ஓலையில் எழுதத் தக்கதன்று. அவையில், அவள் கேட்க, சொல்லத் தக்கது.