அண்ணன் தோளுக்கு

தாராவி, 1964

மதினிக்கு,

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீங்கள் சுகமா? அப்பா இறந்தபோது எனக்கு ஒரு தந்தி அடிக்காத அண்ணன், விழுந்து தோள் இறுகிக் கிடப்பதாக ஊருக்குப் போய்விட்டு இங்கே திரும்பிய நம்மூர் காசிராஜன் சொன்னான். ஆஸ்பத்திரியில் பயிற்சி ஆரம்பிக்கப் போகிறார்களாமே.

அங்கே யாரும் எண்ணெய் தேய்த்துவிட மாட்டார்கள். கையை அவரேதான் அசைக்க வேண்டும். வலித்தால் உடனே சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு "வலிக்கல" என்பார், நம்பாதீர்கள். வீட்டிலும் தினமும் செய்யாவிட்டால் பலனில்லை. போன வருடம் எனக்கும் இதே பாடு. சுவரில் விரல்களை மேலே நகர்த்திப் பழகியபோது பக்கத்து அறை ஜமால், "என்னவே, பல்லி புடிக்கீரா?" என்று சிரித்தார். இப்போது நானே சட்டை மாட்டுகிறேன்.

அண்ணன் தேறியதும் காசிராஜனின் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அவன் மூலம் எனக்குத் தெரிந்துவிடும். நான் எழுதியதெல்லாம் டாக்டர் சொன்னதாகவே இருக்கட்டும். என் பெயரைக் கேட்டால் அண்ணன் வீம்புக்குக் கையைத் தூக்கமாட்டார். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.