ஒன்பதாம் வரி

9 பெப்ரவரி 2025, ஞாயிறு

பாலா அண்ணை வீட்டில் மதியச் சாப்பாடு. இவருடைய தமையன் பாலேந்திரா. கவுன்சிலில் நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரெய்னர்ஸ் லேனில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். வந்திருந்த ஒருவருக்கு என்னை அறிமுகப்படுத்தினார்: "தம்பியின்ர மனுசி, துசியந்தி. பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் குடுக்கிறா."

பதினெட்டு வருடமாக உயர்வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். திருத்தவில்லை. இவரும் திருத்தவில்லை. ஆட்டிறைச்சிக் கறி நன்றாக இருந்தது.

16 பெப்ரவரி, ஞாயிறு

பாலா அண்ணை வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கட்டுத் தாள். பன்னிரண்டு வருடமாக எழுதிய புத்தகமாம். பபிலோனியருக்குச் செங்கோண முக்கோணக் கணக்கைக் கொடுத்தது தமிழர்தான் என்று நிறுவுகிறாராம்.

"கணக்குகளை மட்டும் ஒருக்காப் பாரும். கருத்தைப் பற்றி உம்மட்டக் கேக்கேல்ல."

அரைத்தவணை விடுமுறை என்பது அவருக்குத் தெரியும். வாங்கி வைத்தேன்.

19 பெப்ரவரி, புதன்

உண்மையைச் சொன்னால், மனுசன் உழைத்திருக்கிறார். பபிலோனியக் களிமண் பலகை ஒன்றிலுள்ள ஒவ்வொரு ஆப்புக்குறியையும் பேனையால் வரைந்திருக்கிறார். பதினைந்து வரி. ஒவ்வொரு வரியும் ஒரு செங்கோண முக்கோணம்: சிறிய பக்கம், மூலைவிட்டம் (நாங்கள் செம்பக்கம் என்பது). மற்றப் பக்கத்தை நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மூலைவிட்டத்தின் வர்க்கம். கிரேக்கருக்கு ஆயிரம் வருடம் முந்தியே, கல்குலேட்டர் இல்லாமல், அறுபது அறுபதாக எண்ணிக்கொண்டு ஒருவன் இதை எழுதியிருக்கிறான். எனக்கு இருபத்தைந்து வயதில் இந்தப் பலகையின் படத்தை முதலில் பார்த்தபோது நித்திரை வரவில்லை.

கருத்து முழுக்கப் புளுகு. ஆனால் வரைந்த கை நல்ல கை.

21 பெப்ரவரி, வெள்ளி

ஏழாம் அத்தியாயம். ஒன்பதாவது வரி. சிறிய பக்கம் 541 என்று போட்டிருக்கிறார். பலகையில் அப்படித்தான் இருக்கிறது: ஒன்பது அறுபதும் ஒன்றும். ஆனால் அது எழுதியவன் விட்ட பிழை. எட்டு அறுபதும் ஒன்றும் என்று இருக்க வேண்டும். 481. இந்தப் பலகையைப் படித்த எவருக்கும் தெரிந்த பிழை.

பாலா அண்ணைக்குத் தெரியவில்லை. தெரியாதது மட்டுமில்லை — 541ஐ வைத்து ஒரு கோபுரத்தின் உயரம், அகலம், படி எண்ணிக்கை எல்லாம் பெருக்கி நாற்பது பக்கம். புத்தகத்தின் முதுகெலும்பே அதுதான்.

ஓரத்தில் பென்சிலால் 481 என்று எழுதினேன்.

பிறகு அழித்தேன்.

22 பெப்ரவரி, சனி

ஏன் அழித்தேன் என்று என்னையே கேட்கிறேன். பதில் தெரியாமலா கேட்கிறேன்?

2011. ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கணித வரலாறு, இதே பபிலோன். மகள் கம்சிகாவுக்கு ஒரு வயது. பாலா அண்ணை வந்து இதே கதிரையில் இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் இவரிடம் சொன்னார்: "பொம்பிளை நாலு வருசம் கூடப் படிச்சா, குடும்பம் எத்தினை வருசம் பின்னுக்குப் போகும் எண்டு கணக்குப் பார்." இவர் தலையாட்டினார். இடம் வேண்டாம் என்ற கடிதத்தை நானே எழுதி, நானே தபாலில் போட்டேன்.

அவருக்கு அது இப்போது நினைவிருக்காது. எனக்கு அவர் போட்டிருந்த சட்டையின் நிறம் வரை நினைவிருக்கிறது.

2 மார்ச், ஞாயிறு

தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பிழை ஏதும்?"

"மூண்டு நாலு எழுத்துப் பிழை. குறிச்சிருக்கிறன்."

"அப்ப கணக்கு சரி."

நான் ஓம் என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். அதுவும் ஓம்தானே.

6 மே, செவ்வாய்

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம். நேற்றுவரை ஒரு போன் அடித்திருந்தால் போதும்.

14 ஜூன், சனி

வெளியீடு. நூற்றிருபது பேர் இருக்கும். பாலா அண்ணையின் மனுசி கலா அக்கா கூறைச் சேலை உடுத்தி வந்திருந்தா, கலியாண வீடு மாதிரி. மாலை, பொன்னாடை, மூன்று பேர் வாழ்த்துரை. பிறகு கேள்வி நேரம்.

நான் எழும்பினேன். "ஒன்பதாம் வரிக் கணக்கை ஒருக்கா எழுதிக் காட்டுவீங்களோ?"

அவருக்கு என்ன சந்தோசம்! "பாத்தீங்களோ, எங்கட வீட்டுப் பிள்ளையே கேக்கிறா" என்று சபைக்குச் சொல்லிவிட்டு, பொன்னாடையைக் கழற்றிக் கதிரையில் போட்டு, வெண்பலகைக்குப் போனார். 541இன் வர்க்கம் 292681. மற்றப் பக்கம் 600, அதன் வர்க்கம் 360000. கூட்டினால் 652681. மூலைவிட்டம் 769, அதன் வர்க்கம் 591361.

இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். அழித்துவிட்டுத் திரும்பப் பெருக்கினார். பிறகு மூன்றாம் தரம். யாரோ கைத்தொலைபேசியில் போட்டுப் பார்த்து, "அறுபதாயிரத்துக்கு மேல இடிக்குது, அண்ணை" என்றார்கள்.

அப்போதே நான் என் கதிரையில் இருந்துவிட்டிருக்கலாம். இருக்கவில்லை.

"மூவாயிரத்து எண்ணூறு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் எட்டு எண்டு எழுத வேண்டிய இடத்தில ஒன்பது எண்டு எழுதிப்போட்டான். நீங்கள் அந்தப் பிழைக்கு மேல கோபுரம் கட்டியிருக்கிறியள்."

சபை சிரித்தது. உரக்கச் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு இனிமை ஓடியது. அதை இங்கே எழுதாவிட்டால் நான் பொய்க்காரி.

முன்வரிசையில் ஒருவர் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி எழும்பினார். "முன்னுரையில 'கணக்குகள் அனைத்தையும் சரிபார்த்தவர் கணித ஆசிரியை துசியந்தி' எண்டு கிடக்குதே?"

நான் அந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை. எனக்கு நன்றி சொல்லியிருப்பார் என்று எப்படி நினைப்பது?

பாலா அண்ணை பேனையை மூடினார். "அவவுக்கு நான் இந்த அத்தியாயம் குடுக்கேல்ல. பிறகு சேர்த்தது. பிழை என்ர."

பொய். சபைக்கு முன்னால், எனக்காக.

15 ஜூன்

இவர் என்னோடு கதைக்கவில்லை.

17 ஜூன், செவ்வாய்

கம்சிகா காலையில் கேட்டாள்: "அம்மா, பெரியப்பாவுக்கு முதலே சொல்லியிருக்கலாம்தானே? வை டிடின்ட் யூ?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

29 ஜூன், ஞாயிறு

கலா அக்கா தனியாக வந்தா. தேத்தண்ணி வேண்டாம் என்றா. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தா. அழித்த இடத்தில் பென்சில் அமத்திய தடம். நாலு. எட்டு. ஒண்டு.

"உமக்குத் தெரிஞ்சிருக்கு."

தாளை வாங்கக் கை நீட்டினேன்; தரவில்லை.

"நீர் கவனிக்காம விட்டிட்டீர் எண்டுதான் அவர் நினைச்சவர். பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற பிள்ளை, அவவின்ர பேர் கெடக்கூடாதெண்டு அண்டைக்கு அப்பிடிச் சொன்னவர். வீட்ட வந்தும் அதைத்தான் சொன்னவர்." தாளை நான்காக மடித்தா. "இதை நான் அவருக்குக் காட்டமாட்டன். இது தெரிஞ்சா மனுசன் உடைஞ்சு போயிடும்."

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். எடுத்தேனா? 2011 முன்னுக்கு வந்து நின்றது. "அவர் எனக்குச் செய்ததைக் கேட்டனீங்களோ, அக்கா?" என்றுதான் வந்தது.

"ஓம், தெரியும்" என்றா கலா அக்கா. "நான் அப்பவே அவரைப் பேசினனான். ஆனா அவர் உம்மட முகத்துக்கு நேர செய்தவர்."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனா. ஓங்கி அடித்திருக்கலாம்.

20 ஜூலை

பாலா அண்ணை சங்கத் தலைமையை விட்டுவிட்டார். புத்தகப் பெட்டிகளை இவர் போய் அவர்களுடைய கராஜில் அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அண்ணை வீட்டை விட்டு வெளிக்கிடுவதே இல்லையாம். முடி வெட்டக்கூடப் போவதில்லையாம். இவர் இதை எனக்கு நேரே சொல்லவில்லை. கம்சிகாவுக்குச் சொன்னார், நான் கேட்கும்படி.

நான் செய்தது சரியான கணக்கு. அதில் ஒரு பிழை காட்டட்டும் பாப்பம்! — ஆரட்டக் கத்திறன்? வீட்டில ஒருத்தரும் இல்லை.

13 செப்டம்பர், சனி

சங்கத்தின் புதிய தலைவர் ஜெராட் போன் எடுத்தார். நவம்பர் கூட்டத்தில் பபிலோனியக் கணிதம் பற்றி நான் பேச வேண்டுமாம். "சரியான ஆள் நீங்கள்தான் எண்டு எல்லாரும் சொல்லுகினம்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. இன்று பின்னேரமே பேச்சுக்கு வேண்டிய பலகைப் படங்களைத் தேடி எடுக்கத் தொடங்கிவிட்டேன்.

8 நவம்பர், சனி

அதே மண்டபம். போனமுறையைவிட அதிகக் கூட்டம். கலா அக்கா மூன்றாம் வரிசையில், தனியே. ஏன் வந்தா என்று தெரியவில்லை. இவர் பின்னால், கதவுக்குப் பக்கத்தில்.

ஜெராட் என்னை அறிமுகப்படுத்தினார். பட்டங்களை எல்லாம் சரியாகச் சொன்னார். கடைசியில், "இண்டைக்குப் பயப்பிடாதேங்கோ, இண்டைக்குக் கணக்குப் பிழைக்காது" என்றார். சபை சிரித்தது.

நானும் சிரித்தேன். ஒலிவாங்கி முன்னாலேயே இருந்ததால் என் சிரிப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது. கலா அக்கா மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் நிமிர்ந்தபோது கதவடியில் இவர் இல்லை.

நாற்பது நிமிடம் பேசினேன். தடுமாறவில்லை. கேள்விகள் அரை மணித்தியாலம் போயின. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கைதட்டல் நீண்டது. எங்கள் கார் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. பஸ்ஸில் வந்தேன்.

மோர்டன் தமிழ்ச் சங்கத்திலும் ஜனவரியில் பேசக் கேட்டிருக்கிறார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.