ஹோபோ எந்தக் கூண்டில் இருக்கிறான்?

சஃபோக், இங்கிலாந்து
14 செப்டம்பர் 1986

அன்புள்ள வில்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ராய்ஸ் விமானப் படைத் தளத்தின் வாசலிலேயே நின்றிருந்தார். நான்கு மாதமாகப் பார்க்காத அப்பாவைக் கண்டு நீல் வீறிட்டு அழுதான். பாவம், மனிதர் முகம் வாடிவிட்டது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. தளத்துக்கு வெளியே ஒரு வீடு கிடைத்திருக்கிறது. அபிலீன் வெயிலில் காய்ந்த எங்களுக்கு இந்த மழை புதிது. கிளைடுக்கு முட்டிவலி தேவலையா?

ஹோபோ சாப்பிடுகிறானா? கிளம்பிய அன்று காலை அவன் கயிற்றை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினேன். நீங்கள் என்ன நினைத்தீர்களோ.

இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்த நேரத்தில் ட்ரினா தோழி வீட்டுக்கு விடைபெறப் போயிருந்தாளே, திரும்பி வந்ததும், "ஹோபோ எங்கம்மா?" என்றாள். பூனைக்கு வந்த வண்டியிலேயே அவனும் முன்னால் போய்விட்டான் என்றேன். வெளிநாட்டு நாய், பூனைகளை வெறிநோய் பயத்தில் இந்த ஊரில் ஆறு மாதம் காப்பகத்தில் அடைத்து வைக்கிறார்கள் அல்லவா? பூனை பட்டன் அங்கேதான் இருக்கிறது. ஹோபோவும் அங்கே இருப்பதாக ட்ரினா நம்புகிறாள். ஒன்பது வயதுப் பெண் ஆறு மாதத்தில் மறந்துவிடுவாள். அதனால் எழுதும்போது என் பெயருக்கே எழுதுங்கள்.

அன்புடன்,
லோர்னா

*

அபிலீன், டெக்சஸ்
9 அக்டோபர் 1986

அன்புள்ள லோர்னா,

உன் கடிதம் கண்டு நிம்மதி. நீலுக்குப் பல் வந்துவிட்டதா? எனக்கு ஒரு படம் அனுப்பு.

ஹோபோ நலம். இப்போது நலம் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு இரண்டு தெரு தாண்டி உங்கள் பழைய வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டான். புதிதாகக் குடிவந்தவர்கள் நல்ல மாதிரி, விரட்டவில்லை. மூன்று நாள் கிளைடு அந்த வீட்டு வாசலுக்கே சாப்பாடு கொண்டுபோனார். நான்காம் நாள் அவனாகவே எழுந்து அவர் பின்னால் வந்தான். இப்போது கிளைடின் டிரக்குக்கு அடியில்தான் ஜாகை. நாளெல்லாம் அவனோடுதான் இவருக்குப் பேச்சு. என்னோடு இவ்வளவு பேசியிருந்தால் எங்கள் கல்யாண வாழ்க்கை இன்னும் ருசியாக இருந்திருக்கும்.

நீ ட்ரினாவிடம் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை வளர்ப்பது உன் பாடு, நான் தலையிடவில்லை. ஆனால் அவளாக எனக்கு எழுதிக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன், கண்ணு. இப்போதே சொல்லிவைக்கிறேன்.

உன் வில்மா

*

சஃபோக்
16 டிசம்பர் 1986

அன்புள்ள வில்மாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பார்சல் வந்தது. பீகன் கொட்டை மிட்டாயை ராய்ஸ் ஒருவரே தீர்த்துவிட்டார்.

ட்ரினா மறக்கவில்லை. குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒரு தாளை ஒட்டி, தினமும் ஒரு கோடு போடுகிறாள். சனிக்கிழமைதோறும் பட்டனைப் பார்க்கப் போகிறோம். நாய்கள் வேறு கட்டடத்தில், அங்கே சிறுவர்களை விடமாட்டார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளைப் பூனைக் கூண்டின் முன் உட்காரவைத்துவிட்டு, "நான் போய் ஹோபோவைப் பார்த்துட்டு வரேன்" என்று வெளியே போவேன். கொட்டகைக்குப் பின்னால் பத்து நிமிஷம் மழையில் நின்றுவிட்டு வருவேன்.

"வாலை ஆட்டினானா?"

"ஆட்டினான்."

"என்னைத் தேடினானா?"

"தேடினான்டா."

போன சனிக்கிழமை, தானே பின்னிய சிவப்புக் கம்பளித் துணி ஒன்றைக் கொடுத்து, "அவன் கழுத்துல நீயே கட்டிவிடும்மா, அங்கே தரை ஜில்லுனு இருக்கும்" என்றாள். அது என் கோட்டுப் பைக்குள்ளேயே கிடக்கிறது. கடைக்குப் போனாலும் கையில் தட்டுப்படுகிறது.

மார்ச்சில் ஆறு மாதம் முடிகிறது. அதற்குள், காப்பகத்தில் ஹோபோவுக்கு நோய் வந்து இறந்துவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்று யோசிக்கிறேன். ஒருமுறை அழுது முடித்துவிடுவாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? ராய்ஸ், "நீ ஆரம்பிச்சது, நீயே முடி" என்று சொல்லிவிட்டார்.

லோர்னா

*

அபிலீன்
5 ஜனவரி 1987

லோர்னா,

உயிரோடு இருக்கிற பிராணியைக் கொல்வதற்கு என்னிடம் சம்மதம் கேட்காதே. இதை எழுதும்போது அவன் என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்குகிறான்.

கோபத்தில் நான்கு நாள் பேனாவைத் தொடவில்லை. பிறகுதான் எனக்கு உன்மேல் கோபப்பட என்ன யோக்கியதை என்று தோன்றியது. கிளைடுக்குக்கூடத் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன்.

1954-இல் எங்களை ஜெர்மனிக்கு மாற்றினார்கள். கிளைடு முன்னால் போய்விட்டார். எங்கள் டேலுக்கு எட்டு வயது. அவனுக்கு டாலி என்று ஒரு பெட்டை நாய். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அதைத் தளத்து மிருக மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி போடும்போது நான்தான் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டேலிடம், ஒரு பண்ணையில் விட்டிருக்கிறேன், ஆடு மேய்க்கிறது என்றேன். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டான்.

போன நவம்பரில் விருந்துக்கு வந்தவன் ஹோபோவைத் தடவிக்கொண்டே, "அம்மா, நம்ம டாலியைக் கொடுத்தியே, அந்தப் பண்ணைக்காரர் பேரு என்ன?" என்று கேட்டான். நாற்பது வயது அவனுக்கு. நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

முப்பத்திரண்டு வருஷமாக நான் சுமப்பதை நீயும் தூக்கிக்கொள்ளாதே. சொல்லிவிடு.

வில்மா

*

சஃபோக்
11 பிப்ரவரி 1987

அன்புள்ள வில்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன். நான் சொல்வதற்குள் தெரிந்துவிட்டது.

காப்பகத்தில் மிஸஸ் பிளெட்ஜர் என்று ஒரு அம்மாள் பூனைகளுக்குச் சோறு வைக்கிறார். நான் வழக்கம்போல் வெளியே நின்றபோது ட்ரினா அவரிடம், "எங்க ஹோபோ எந்தக் கூண்டுல இருக்கான்? எட்டி நின்னு கூப்பிட்டாலாவது கேக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல நாய் எதுவும் இல்லையே கண்ணு, பூனை மட்டும்தானே" என்றிருக்கிறார். நான் உள்ளே போனதும் ட்ரினா, "இன்னிக்கு வாலை ஆட்டினானா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது. "ஆட்டினான்" என்றேன்.

காரில் ஏறினோம். பிறகுதான் சொன்னாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "கூண்டுல கஷ்டப்படுவான்னுதான்டா விட்டுட்டு வந்தேன்" என்றேன்.

"அப்போ பட்டன் கஷ்டப்படாதா?"

வில்மா, அதற்குமேல் என்னால் மழுப்ப முடியவில்லை. கிளம்பும்போது ராய்ஸ் கூட இல்லை, கைக்குழந்தை, வீடு முழுக்கப் பெட்டி. பூனை ஒரு மூலையில் கிடக்கும். இவனைத் தினமும் இரண்டு வேளை நடத்த வேண்டும், கம்பளமெல்லாம் முடி. ஒரு வேலை குறையட்டும் என்று விட்டேன். உங்கள் வாசலிலிருந்து கிளம்பியபோது எனக்கு அழுகை வரவில்லை. பாரம் இறங்கினமாதிரி இருந்தது. அதனால்தான் திரும்பிப் பார்க்கவில்லை. இதையும் அவளிடம் சொன்னேன்.

பதினோரு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அப்பாவிடம்தான் கேட்கிறாள். ராய்ஸ் மூலமாக ஒரே ஒரு சேதி வந்தது: ஹோபோ வரவேண்டும், முதலிலிருந்து ஆறு மாதம் ஆனாலும் சரி. அனுமதிச் சீட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டோம்.

கிளைடிடமிருந்து அவனைப் பிடுங்குகிறேன் என்று தெரிகிறது. கொடுத்ததும் நான், கேட்பதும் நான். என்ன வார்த்தை சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. அனுப்புவீர்களா?

லோர்னா

*

அபிலீன்
20 மார்ச் 1987

அன்புள்ள லோர்னா,

அனுமதிச் சீட்டு வந்துவிட்டது என்ற உன் தந்தி கிடைத்தது. வரும் வியாழக்கிழமை விமானத்தில் ஏற்றுகிறோம். கூண்டு கிளைடே செய்தது. உள்ளே தன் பழைய வேட்டைச் சட்டையை விரித்திருக்கிறார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியபோது, "அது அந்தப் பொண்ணோட நாய்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். டிரக்கைக் கழுவ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. உன்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். நாளாக நாளாகப் போய்விடும்.

டேலைத் தொலைபேசியில் கூப்பிட்டு டாலியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டான். இன்னும் கூப்பிடவில்லை. ஆனாலும் சொன்னதற்கு நான் வருந்தவில்லை.

வில்மா

*

சஃபோக்
12 ஏப்ரல் 1987

அன்புள்ள வில்மாவுக்கும் கிளைடுக்கும்,

ஹோபோ சுகமாக வந்து சேர்ந்தான். கொஞ்சம் இளைத்திருக்கிறான். கிளைடின் சட்டையைத் துவைக்க வேண்டாம் என்று காப்பகத்தில் சொல்லியிருக்கிறேன்.

முதல் பதினைந்து நாள் யாரையும் விடவில்லை. நேற்றுத்தான் பார்த்தோம். ட்ரினா இப்போது என்னோடு பேசுகிறாள், தேவைக்கு மட்டும். கூண்டின் முன் அவள் நிற்க, நான் நாலடி பின்னாலேயே நின்றுகொண்டேன். மிஸஸ் பிளெட்ஜர் எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

அவன் நேராக என்னிடம்தான் ஓடி வந்தான், வில்மா. ட்ரினாவைத் தாண்டிக்கொண்டு வந்தான். மார்பில் காலை வைத்து ஏறி, முகமெல்லாம் நக்கி, ஊளையிட்டு, அந்த ஈரத் தரையிலேயே என்னை உட்காரவைத்துவிட்டான். ஒரு உறுமல் உறுமியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகுதான் அவளிடம் போனான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு, அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"அவனுக்கு உன்மேல கோபமே இல்லைம்மா" என்றாள். "எனக்கு இருக்கு."

"தெரியும்டா" என்றேன்.

அடுத்த சனிக்கிழமையும் போகிறோம்.

என்றும் கடமைப்பட்ட,
லோர்னா