காய்ச்சல் வீட்டுக் கதவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தாத்தாவும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீ நன்றாக இருப்பதாக நீதான் சொல்கிறாய், இருமலை அடக்கிக்கொண்டு போனில் பேசினால் அம்மாவுக்குத் தெரியாது என்று நினைப்பு. அது இருக்கட்டும். அந்தக் காலத்தில் காய்ச்சல்காரர்களைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்த நர்ஸம்மாவின் வீட்டை மியூசியம் ஆக்கியிருக்கிறார்களாமே, தாத்தாவைக் கூட்டிப்போனீர்களா என்று கேட்டிருந்தாய். அவர் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். காரணத்தை உன்னிடம் யாரும் சொன்னதில்லை. கொள்ளைக் காய்ச்சலில் அவருடைய அப்பா அம்மா இருவரும் ஒரே வாரத்தில் போன பிறகு, ஒன்பது வயதில் அவர் காய்ச்சலோடு கிடந்த தங்கையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினார். நர்ஸம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு, இவரை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார். பத்து நாள் கழித்துப் போய்க் கேட்டதற்கு, அங்கிருந்த வேறு யாரோ அப்படியொரு குழந்தை இங்கே இல்லை என்றார்களாம். "அந்தப் பொம்பளை என் தங்கச்சிய யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டா." எழுபத்தேழு வருஷமாக இதைத்தான் சொல்கிறார்.

அதனால் கடைக்குப் போகிறேன் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டியில் நர்ஸம்மாவின் செருப்பு, நோயாளிகளுக்கு நடுவில் ஓடிய செருப்பின் அடி இப்படித் தேயாமலா இருக்கும்? சுவரில் கொட்டை எழுத்தில், இந்தக் கதவைத் தட்டிய எவரும் திரும்பிப் போனதில்லை என்று எழுதியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. சாவி வைத்திருந்த பெண்ணிடம், "ஒருத்தர் திரும்பிப் போயிருக்காரு, இப்பவும் எங்க வீட்டுலதான் உக்காந்திருக்காரு" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "செருப்பு அவங்களோடது இல்லக்கா, பழைய சாமான் கடையில வாங்குனது. ஆனா இது அவங்களோடது. வெளிய வச்சா அவங்க பேரு கெட்டுடும்னு உள்ள போடச் சொல்லிட்டாங்க" என்று அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தந்தாள்.

அதில் இப்படி இருந்தது: 'பையனுக்குக் காய்ச்சல் இல்லை. உள்ளே விட்டால் இவனும் போய்விடுவான். கதவைச் சாத்தினேன். காதைப் பிடித்துக்கொண்டால்தான் பாப்பா தூங்கும் என்று வெளியிலிருந்து கத்தினான். அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் குழந்தை இறந்தது. பையனைத் தேடி அலைந்தேன், அகப்படவில்லை.'

சட்டென்று நம்பிவிட நான் என்ன குழந்தையா? தன்னைப் பற்றி எழுதும்போது யார்தான் தன்னைப் பொல்லாதவள் என்று எழுதுவார்கள்? முன்னும் பின்னும் புரட்டினேன், எழுத்தையும் மையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், இடையில் செருகிய தாளோ என்று தையலைக்கூடத் தடவினேன். ஆனால் அந்தக் காதுக்கு நான் என்ன சொல்வது, கண்ணு? என்னையும் உன் மாமாவையும் தாத்தா அப்படித்தான் காது மடலைப் பிடித்துத் தூங்கவைப்பார். அதை அந்த அம்மாள் எங்கிருந்து கற்பனை செய்ய முடியும்?

இந்த வயசுல அவருக்கு எதுக்கு இது என்று உன் அப்பா தடுத்தார். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அதற்குமேல் முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் தாத்தா சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். முதலில் அவருக்கும் சந்தேகம்தான், நோட்டு பழசுதானா, நல்லாப் பாத்தியா என்றார். பார்த்தேன் என்றேன். "மூணாம் நாளா?" என்று இரண்டு முறை கேட்டார். பாதியில் விட்டிருந்த பொத்தானைப் போட்டு முடித்தார். பிறகு, "அப்போ பாப்பா ரொம்ப நாளெல்லாம் அண்ணன் வருவான்னு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கல" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ அங்கே நிறைவாக வாழவேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்குப் போன் போடு. நீயாக எதையும் கேட்காதே, அவராகச் சொன்னால் அவசரப்படாமல் முழுக்கக் கேள்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா