நடக்கும் முன்பே முடிந்துவிட்ட கூட்டம்

அனுப்புநர்
பன்னிரண்டாவது வார்டு கூட்டத்தில் கூடியோர் சார்பில்,
ஓய்வுபெற்ற செய்தியாளர்,
17, மூன்றாம் குறுக்குத் தெரு.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: 13-ஆம் தேதி வார்டு கூட்டம் – முன்கூட்டியே எழுதிய குறிப்பை நீக்கி, உண்மையான குறிப்பை ஏற்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வார்டில் ஆண்டுக்கு இருமுறை மக்கள் கூட்டம் நடக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக ஐம்பது பேர் கையெழுத்து வேண்டும். ஆறு ஆண்டுகளாக ஒருவரும் போகவில்லை. “எந்தக் கொடி ஏறினாலும் நம்ம குழாயில காத்துதான் வருது” என்பதே இங்கு பொதுக் கருத்து. சென்ற தேர்தலில் பத்துப் பேரில் மூவர் வாக்களித்தோம். ஆகவே வார்டு எழுத்தர், சுகாதார நிலையத்தின் காலை வரிசைக்குப் பதிவேட்டை எடுத்து வந்து கையெழுத்து வாங்குவது வழக்கம். சீட்டு வாங்கும் அவசரத்தில் நாங்களும் படிக்காமல் போட்டோம். நான் இருமுறை போட்டிருக்கிறேன். இதில் எங்கள் பங்கை மறைக்கவில்லை.

2. கடந்த 10-ஆம் தேதி வியாழக்கிழமை, மகளின் இருமலுக்காக அரைநாள் விடுப்பில் வந்திருந்த தையல் தொழிலாளி ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த கூட்டம் அதில் முடிந்தே போயிருந்தது: “எவரும் கேள்வி எழுப்பவில்லை. அனைவரும் திருப்தி தெரிவித்தனர்.” அவர் எழுத்தரிடம், “அண்ணே, இன்னைக்கு வியாழன்தானே? ஞாயித்துக்கிழமை நான் எவ்வளவு திருப்தியா இருந்தேன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று கேட்டார். வரிசை முழுவதும் சிரித்தது. அதற்குள் ஐம்பது கையெழுத்து சேர்ந்திருந்ததால் அந்தப் பக்கம் அன்றே தங்கள் அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதன் படமோ மாலைக்குள் வார்டின் எல்லாக் கைப்பேசிகளுக்கும் போனது.

3. நாங்களே பேசாமல் இருக்கப்போவதைப் பார்க்க ஞாயிறன்று 214 பேர் வந்தோம். கூடம் பூட்டியிருந்தது. சாவியுடன் ஓடிவந்த எழுத்தர், “நிஜமாவே வந்துட்டீங்களா?” என்றார். நாற்காலிகள் அறுபது, மற்றவர்கள் சுவரோரம் நின்றோம். முப்பது ஆண்டுகள் அரசியல் கூட்டங்களைப் பற்றி எழுதியவன் நான். யாரும் வண்டி வைத்து அழைத்து வராத கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

4. பேசப்பட்டது ஒரே பொருள். சுகாதார நிலையம் பகல் ஒரு மணிக்கு மூடுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் காய்ச்சலைக் காட்டவும் அரைநாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. வாரம் இரு நாள் மாலை ஐந்து முதல் எட்டு வரை திறக்க வேண்டும் என்று தையல் தொழிலாளி முன்மொழிந்தார். அங்கு மருந்து வழங்குபவர் எழுந்து, “எனக்கும் வீடு இருக்குங்க, எனக்கும் பிள்ளைங்க இருக்கு” என்றார். நியாயம் என்று பலரும் சொன்னோம். அந்த இரு நாள் காலைப் பணிக்கு மாற்று ஆள் வேண்டும் என்று தீர்மானத்தில் சேர்த்ததும் அவரே முதலில் கை தூக்கினார். எதிரெதிர்க் கட்சிகளின் வட்டச் செயலாளர்கள் இருவரும் ஒரே நேரத்தில் கை தூக்கி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டனர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

5. எழுத்தர் அனைத்தையும் அங்கேயே எழுதினார். “மெதுவா சொல்லுங்க, ஆறு வருஷமா ஒரே பக்கத்தைத்தான் எழுதிட்டிருக்கேன்” என்று இருமுறை நிறுத்தினார். பதினொரு பக்கம். திங்களன்று தங்கள் அலுவலகம் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. கூட்டக் குறிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, ஒரு கூட்டத்துக்கு ஒரு குறிப்புதான் என்பது காரணம்.

6. நகர்மன்றம் 24-ஆம் தேதி கூடுகிறது. வியாழக்கிழமைக் குறிப்பே அங்கு சென்றால், நாங்கள் திருப்தியாக இருப்பதாகவே ஆகும். மாலை மருத்துவம் அடுத்த வார்டு கூட்டம் வரை, இன்னும் அரையாண்டு தள்ளிப்போகும்.

ஆகவே, அந்த ஒரு பக்கத்தை நீக்கி, பதினொரு பக்கங்களையும் 24-ஆம் தேதிக்குள் மன்றத்தின் முன் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எழுத்தர் மீது நடவடிக்கை வேண்டாம். இப்போதுதான் அவருக்கு எழுத வேலை வந்திருக்கிறது. தங்கள் முடிவு எதுவாயினும் எழுத்தில் தந்து உதவுங்கள். மறுப்பாக இருந்தாலும் தயங்க வேண்டாம். அதைப் படித்து விவாதிக்க அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூடுகிறோம். கூடம் போதாது என்பதால் பள்ளி மைதானத்தைக் கேட்டிருக்கிறோம்.

இடம்: பன்னிரண்டாவது வார்டு
நாள்: 16-ஆம் தேதி, புதன்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற செய்தியாளர்

இணைப்பு: திரும்பி வந்த பதினொரு பக்கங்கள், 214 கையெழுத்துகள். அனைவரும் படித்துவிட்டே இட்டவை.